தேய்த்தால் இறுகும், வெட்டினால் வழிவிடும்

எவர்சில்வரில் புதிதாகத் துளை போடுவது கடினம் என்று பலரும் அறிவோம். ஏற்கெனவே இருக்கும் துளையைச் சற்றுப் பெரிதாக்குவது அதைவிடக் கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், அந்த வேலையை இந்தத் தைப்பூசத்துக்கு முன்பு எங்கள் வட்டார ஆலயத்தின் கிடங்கில் கற்றுக்கொண்டேன்.

ஆலயத்தின் தண்ணீர்ப் பந்தலில் இரண்டு எவர்சில்வர் டிரம்கள் உண்டு. ஒரு குடும்பத்தினர் தங்கள் தந்தையின் நினைவாகக் கொடுத்தவை. அவர் பெயர் டிரம்மின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டிலும் அரை அங்குலக் குழாய்தான் இருந்தது. ஒரு குவளை மோர் நிரம்பும்வரை வெயிலில், வெறுங்காலோடு வரிசை நின்றது. முக்கால் அங்குலக் குழாய் மாட்டினால் பாதைக் குறுக்குப் பரப்பு பெயரளவில் 2.25 மடங்காகும். விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே பரப்பு கூடும் என்பது நாம் படிவம் மூன்றுக்குள் படித்துவிட்ட கணக்கு.

ஆனால் அரை அங்குலக் குழாயின் மரைப் பகுதி ஏறத்தாழ 21 மி.மீ. விட்டம், முக்கால் அங்குலக் குழாய்க்கு அது 26.4 மி.மீ. டிரம்மில் இருந்த துளையோ 22 மி.மீ. தைப்பூசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. நாங்கள் விசாரித்த பட்டறையில் திருவிழா முடிந்த பிறகு கொண்டுவரச் சொன்னார்கள். கிடங்கில் இருந்தவை ஒரு கைடிரில், ஒரு படி டிரில் முனை, ஒரு அரைவட்ட அரம், அவ்வளவுதான். பெயர் பொறித்த டிரம் என்பதால், கெடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வைக்கலாம் என்று நினைக்கவும் முடியாது.

எதிரி யார்?

1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல்களுக்கு ஏற்ற எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காமல் நிற்பதை அப்போது கவனித்தார். குரோமியம் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டைத் தாண்டினால், உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்ஸைடு படலம் உருவாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் அது தானே மீண்டும் படரும். நம் வீட்டு டம்ளரின் அடியில் 18/8 என்று இருந்தால், அதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன என்று பொருள்.

இந்த வகை எவர்சில்வருக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. சாதாரண இரும்போடு ஒப்பிட்டால் அதன் வெப்பக் கடத்தல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெட்டும்போது பிறக்கும் சூடு தகட்டுக்குள் பரவாமல் டிரில் முனையிலேயே தங்கிவிடும்; முனை மழுங்கும்.

இரண்டாவது குணம் இன்னும் பொல்லாதது. வளைத்தாலும் நசுக்கினாலும் தேய்த்தாலும் அந்த இடம் இறுகிவிடும். உலோகத்தின் உள்ளமைப்பே அங்கு மாறிப்போகிறது. இதை நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை எடுத்துச் சமையலறைக் கழுவுதொட்டியின் சமமான பகுதியில் வையுங்கள். நல்ல 18/8 வகையாக இருந்தால் அநேகமாக ஒட்டாது. ஆழமாக அழுத்தி வளைத்த மூலைகளில் வைத்தால் இலேசாக இழுக்கும். அங்கு உலோகம் இறுகி, காந்தத்துக்கு இசையும் வேறொரு அமைப்பாக மாறியிருக்கிறது. முழுவதும் நன்றாக ஒட்டினால் அது வேறு வகை எவர்சில்வர்.

மழுங்கிய முனையை வேகமாகச் சுழற்றி, மெல்ல அழுத்திப் பார்க்கிறவர் உண்மையில் வெட்டுவதில்லை, தேய்க்கிறார். தேய்க்கத் தேய்க்க அடுத்த சுற்றில் வெட்ட வேண்டிய உலோகம் இன்னும் கடினமாகிறது. விரிவுரையில் இதை ஒரு வரைபடமாகப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்தில் பிட்டராக வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது பந்தலைக் கவனிக்கும் மாமா அதை ஒரே வரியில் சொன்னார்: “தடவிக் கொடுத்தா முறைச்சுக்கும்மா. மெதுவா ஓட்டு, ஆனா விடாம அழுத்து.”

ஏன் சாதாரண டிரில் கூடாது?

பெரிய டிரில் முனை ஒன்றை வாங்கி அதே துளையில் விட்டால் என்ன என்று தோன்றும். சாதாரண முறுக்கு டிரில் தன் நடு நுனியைத் தகட்டில் ஊன்றித்தான் நிலைகொள்கிறது. நடுவில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் ஊன்ற இடமில்லை. இரண்டு வெட்டு விளிம்புகளும் மெல்லிய தகட்டின் ஓரத்தைக் கவ்வும், டிரில் உதறும், துளை வட்டமாக இல்லாமல் மூன்று மூலையாக வரும். மணிக்கட்டும் திருகிக்கொள்ளும்.

படி டிரில் கூம்பு வடிவில், ஏணிப்படிபோல 2 மி.மீ. 2 மி.மீட்டராக விட்டம் கூடிக்கொண்டே போகும். எங்களிடம் இருந்தது 4 முதல் 32 மி.மீ. வரை. அதன் 22 மி.மீ. படி எங்கள் துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்து வழிகாட்ட, அடுத்த 24 மி.மீ. படி சுற்றிலும் ஒரே ஒரு மி.மீட்டரை மட்டும் வெட்டியது. முந்தைய படி அடுத்த படிக்கு ஊன்றுகோலாகிறது. ஆனால் தகடு ஒரு படியின் உயரத்தைவிட மெல்லியதாக இருந்தால்தான் இது நடக்கும். எங்கள் டிரம் 1 மி.மீட்டரைச் சற்றே தாண்டிய தகடு. கனமான பட்டைக்கு இந்த முனை உதவாது. அதைப் பட்டறையில் இயந்திரத்தில் பூட்டித்தான் குடைய வேண்டும்.

வேகத்தைக் கணக்கிட்டோம். 26 மி.மீ. படி ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு சுமார் 82 மி.மீ. நகர்கிறது. டிரில் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் விளிம்பின் வேகம் நிமிடத்துக்கு 122 மீட்டர். இத்தகைய சாதாரணக் கருவி எஃகு முனைக்கு எவர்சில்வரில் 10 முதல் 15 மீட்டர் போதும். அதாவது 120 முதல் 180 சுற்று. கைடிரில்லை முதல் கியரில் வைத்து, விசையைப் பாதிக்கும் குறைவாக அழுத்தினால் கிட்டத்தட்ட அந்த வேகம் கிடைக்கும். கூம்பில் மேலே போகப்போக விட்டம் கூடுவதால், சுற்றை இன்னும் குறைக்க வேண்டும்.

செய்த விதம்

டிரம்மைத் துளை மேலே பார்க்கும்படி மணல் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்தோம். இன்னொருவர் அதை அசையாமல் பிடித்துக்கொண்டார். கண்ணாடி அணிந்தோம். கையுறையைக் கழற்றினோம், சுழலும் முனையில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். முடியை இறுக்கிக் கட்டினேன். டிரில்லின் பக்கவாட்டுப் பிடியைப் பொருத்தி இரண்டு கையாலும் பிடித்தேன். வெட்டெண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெய் ஊற்றினோம். மோர் ஊற்றும் பாத்திரத்துக்கு அதுவே நிம்மதி.

முதல் டிரம் எளிதாக வந்தது. வெட்டுகிறதா, தேய்க்கிறதா என்பதை வெளியே வரும் துகளே சொல்லிவிடுகிறது. சுருளாக வந்தால் வெட்டு. பொடியாகவும் கீச்சொலியோடும் வந்தால் தேய்ப்பு. உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் நிறுத்தி எண்ணெய் விட்டோம்.

இரண்டாவது டிரம்தான் சோதித்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு யாரோ அதே துளையை அதிவேகத்தில் பெரிதாக்கப் பார்த்துப் பாதியில் விட்டிருந்தார்கள். துளையைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு வளையம். சூட்டினால் வந்த நிறம் அது. அந்த இடத்தில் தோல் இறுகியிருக்கும். துருவை எதிர்க்கும் வலுவும் குறைந்திருக்கும். டிரில்லை வைத்தால் முனை வழுக்கியது. மாமா அதை அப்படியே எடுக்கச் சொன்னார். டிரில்லில் மாட்டும் சிறு சாணைக்கல் முனை ஒன்றை ஹார்ட்வேர் கடையில் வாங்கி வந்தோம். கல்லுக்கு இறுகிய உலோகமும் இறுகாத உலோகமும் ஏறக்குறைய ஒன்றுதான். துளையின் உள்விளிம்பில் இறுகிய தோலை மட்டும் மெல்லச் சுரண்டி எடுத்தபின், படி டிரில் மறுபடியும் கவ்வியது, சுருள் வந்தது. எஞ்சிய நீல வளையத்தையும் பிறகு நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து நீக்கினோம்.

கடைசி அரை மி.மீட்டர் கைவேலை. 26 மி.மீ. துளைக்குள் 26.4 மி.மீ. மரை நுழையாது, 28 மி.மீ. படிவரை போனால் குழாய் ஆடும். அதனால் 26 மி.மீட்டரில் நிறுத்திவிட்டு அரைவட்ட அரத்தால் ராவினோம். முன்னே தள்ளும்போது அழுத்தி, பின்னே இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும் வழியில் தேய்த்து இறுக வைத்துவிடும். புதுக் குழாயின் மரையையே அளவுகோலாக வைத்து, நான்கு திசையிலும் சமமாக ராவினோம். சாதாரண இரும்பை ராவிய பழைய அரத்தை இதற்குத் தொடக்கூடாது. அதன் பல்லில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் எவர்சில்வரில் பதிந்து, பிறகு துருப் புள்ளியாகத் தெரியும்.

விளிம்பின் பிசிறை இருபுறமும் எடுத்து, சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவினோம். புதிதாக வெட்டிய விளிம்புக்குச் சாயம் எதுவும் தேவையில்லை. சுத்தமாக இருந்தால் அதன் காப்புப் படலம் தானே வரும். உணவுக்கு உகந்த சிலிக்கோன் வளையத்தை உள்ளும் புறமும் வைத்துக் குழாயை முடுக்கி, தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விட்டோம். ஒரு சொட்டும் கசியவில்லை.

எங்களிடம் நல்ல இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் உலோகம் எதற்கு இறுகும், எதற்கு வழிவிடும் என்பது தெரிந்திருந்தது. அது தெரியாமல் முன்பு கை வைத்தவரிடமும் டிரில் இருந்தது; அவர் விட்டுப்போனது ஒரு நீல வளையத்தைத்தான். பொறியியல் படிக்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் வட்டாரத்திலும் ஓய்வுபெற்ற பிட்டர், வெல்டர் யாராவது இருப்பார். பாடநூலில் படித்ததை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். எங்கள் மாமா சுருளைப் பார்த்துச் சொன்னதும், நான் நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கிட்டதும் ஒரே விடையில்தான் வந்து நின்றன.