அண்டை நாட்டுச் சரக்கும் நம் அபிப்பிராயமும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வருகிற சுங்குவார்சத்திரத்தில், ஷிப்டு மாறும் நேரத்துத் தேநீர்க் கடைப் பேச்சைச் சற்றே செவிமடுப்பவருக்கு, அண்டை நாட்டு வர்த்தகத்தைப் பற்றி நம் ஜனங்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் ஒன்றல்ல, இரண்டு என்பது விளங்கும். "சீனாக்காரன் சாமானை உள்ளேயே விடக்கூடாது" என்பது ஒன்று. "பார்ட்ஸ் வரலைன்னா லைன் நின்னுடும்" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சொல்லுகிறவர் பல வேளைகளில் ஒரே மனிதராக இருப்பதுதான் விசேஷம்.

இதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 2017 ஜூலையில் இறக்குமதிக் கைப்பேசிக்கு 10 சதவீதச் சுங்க வரி விதித்த மத்திய சர்க்கார், அவ்வாண்டு டிசம்பரில் அதை 15 ஆகவும், 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் 20 ஆகவும் உயர்த்தியது. 2020இல் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டமும் வந்து சேர்ந்தது. இவ்விரண்டின் நிழலில்தான் இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் உற்பத்தி பெருகி, வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு ஹாஸ்டல் வாசமும் மாதச் சம்பளமும் வாய்த்தன. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 14 பில்லியன் டாலரைக் கடந்து, தேசத்தின் மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்காயிற்று. வரியை ஆதரிக்கும் தொழிலாளிக்குத் தம் சம்பளச் சீட்டே சாட்சி.

ஆயினும், வெளிநாட்டுச் சந்தையில் விற்க வேண்டிய பொருளுக்கு உள்நாட்டு வரிச்சுவர் ஒரு காப்புமாகாது. உதிரிபாகங்கள் மீது விழும் வரியோ அடக்கவிலையை ஏற்றிவிடும். இதை உணர்ந்தே 2024 ஜனவரியில் பல பாகங்களின் வரியை 15லிருந்து 10 சதவீதமாகவும், ஜூலையில் கைப்பேசியின் வரியை 20லிருந்து 15 ஆகவும் அதே சர்க்கார் இறக்கிற்று.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நேர்ந்த மோதலில் இருபது வீரர்கள், அவர்களுள் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும், உயிர்நீத்தபோது தேசமெங்கும் மூண்ட கோபம் மெய்யானது. 59 சீனச் செயலிகளைச் சர்க்கார் தடை செய்ததும் அந்தக் கோபத்தின் சூட்டில்தான். ஆனால் 2020-21இல் சுமார் 65 பில்லியன் டாலராயிருந்த சீன இறக்குமதி, 2024-25இல் 113 பில்லியனைத் தாண்டிவிட்டது. ஜனங்கள் பொய் பேசினார்கள் என்பதல்ல காரணம். பொம்மையையும் பட்டாசையும் வாங்காமல் இருக்க நம்மால் முடியும், பாகங்களையும் அவற்றைப் பூட்டும் இயந்திரங்களையும் வாங்காமலிருக்க இன்னும் முடியவில்லை. 2025இன் நடுவில் ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர்கள் திருப்பியழைக்கப்பட்டார்கள் என்ற செய்தி இந்த வட்டாரத்தில் எழுப்பிய கலக்கத்துக்கும் அதுவே மூலம்.

வரியின் லாபம் ஓரிடத்தில் குவிகிறது, அதன் செலவோ வாங்குவோர் அனைவர்மீதும் கண்ணுக்குத் தெரியாமல் சிதறுகிறது. வரியைத் தளர்த்தினாலோ இதன் மறுதலை நிகழும். 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த, இலங்கையுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தால் மிளகு வாங்கியவர்கள் அடைந்த சிறு லாபத்தை எவரும் கொண்டாடவில்லை; மிளகு பயிரிட்ட மலைவாசிகள் அடைந்த நஷ்டமோ பெருங்குரலாக எழுந்து, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையைக் கொண்டுவந்தது. ஆகவே, உரத்து ஒலிக்கும் குரலையே ஜன அபிப்பிராயம் என்று கொள்வது பிசகு.

1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, அண்டை நாட்டுத் துறைமுகத்தோடு உறவு வேண்டாமென்றா சொன்னார்? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம் கப்பலும் ஓட வேண்டும் என்றல்லவா உழைத்தார்! சுதேசியம் அவருக்குக் கதவடைப்பாக இருக்கவில்லை. தொழிலில் நமக்குரிய பங்கைக் கேட்பதாக இருந்தது.

எனவே, சீனச் சரக்கை விடலாமா, கூடாதா என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், எந்தப் பொருளுக்கு வரி, எத்தனை ஆண்டுக்கு, அதற்குள் எந்தப் பாகத்தை நாமே செய்யக் கற்போம் என்று சுங்குவார்சத்திரம் கேட்க வேண்டும். கெடு வைத்த வரி தொழில் கற்கத் தரப்படும் அவகாசம். கெடுவில்லாத வரி, திறமை வளராத முதலாளிக்கு ஏழை வாங்குவோன் கட்டும் மானியம்.