எதிரெதிர் காட்சிகளை மாற்றி மாற்றி வெட்டுவது எப்படி?

மாணவர்கள் கைப்பேசியில் எடுத்துவரும் குறும்படங்களில் இதைக் கவனித்திருப்பீர்கள். பணக்கார வீடு ஒரு ஷாட், ஏழை வீடு ஒரு ஷாட் என்று மாற்றி மாற்றி ஒட்டியிருப்பாங்க. நோக்கம் நல்லதுதான். ஆனால் பார்க்கிறவர் மனசில் ஒன்றும் ஏறாது. ஏன் என்பதை விளக்க, 1909இல் வந்த ஓர் அமெரிக்க மௌனப்படம் நமக்குக் கைகொடுக்கும்.

டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய 'எ கார்னர் இன் வீட்'. ஏறக்குறைய 14 நிமிடம்தான், வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். ஒரு வணிகர் சந்தைக் கோதுமை முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவருகிறார். அவர் விருந்து வைக்கிறார்: கூட்டம், சிரிப்பு, ஓயாத அசைவு. சட்டென்று ஒரு வெட்டு. ரொட்டிக் கடை. மாவு விலை ஏறியதால் 5 சென்ட் ரொட்டி இனி 10 சென்ட் என்று அறிவிப்புத் தொங்குகிறது. மீண்டும் விருந்து. அடுத்து, ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஏழைகள். அந்த ஷாட்டில் யாருமே அசைவதில்லை. புகைப்படம் மாதிரி உறைந்து நிற்கிறார்கள்.

வணிகரும் அந்த ஏழைகளும் படத்தில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. இரண்டு பக்கத்தையும் கட்டிவைப்பது கோதுமைதான். இங்கே விருந்தானதே அங்கே பசியாகிறது. கோதுமையை எடுத்துவிட்டால் அவை சம்பந்தமில்லாத இரண்டு வீடியோக்கள், அவ்வளவே.

நாம் யாப்பில் கற்பிக்கும் முரண்தொடையும் இப்படித்தானே? இருளும் ஒளியும் முரண்படும். இருளும் மாம்பழமும் முரண்படாது!

ஆகவே, படம்பிடிக்கும் முன்பே மாணவரிடம் கேளுங்கள்: "ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான பொருள் எது?" சிற்றுண்டிச்சாலையில் பாதி சாப்பிட்டுக் குப்பையில் கொட்டப்படும் மீ கோரேங் தட்டு, ஓய்வு நேரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போகும் மாணவன். சோறும் பசியும் ஒரே இடத்தில் வந்துவிட்டன. இரண்டையும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த மாணவனாக நடிப்பவர் உண்மையிலேயே வசதி குறைந்த பிள்ளையாக இருக்க வேண்டாம். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்க்கும். அந்த வலிக்கு எந்தப் பரிசும் ஈடாகாது.

இசை விஷயம் ஒன்று. ஏழை வந்தால் சோக வயலின் போடுவது நம் பிள்ளைகளின் வழக்கம். 1972இல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தின் ஞானஸ்நானக் காட்சியைப் பாருங்கள் (ஆசிரியர்கள் மட்டும், வன்முறை அதிகம்). தேவாலயத்து ஆர்கன் இசையும் பாதிரியாரின் குரலும் வெளியே நடக்கும் கொலைகளின் மீதும் நிற்காமல் தொடரும். படம் மாறுது, ஒலி மாறவில்லை. மாணவர்களும் ஒரு பக்கத்து ஒலியை மறுபக்கத்திலும் ஓடவிட்டுப் பார்க்கட்டும். சிற்றுண்டிச்சாலைச் சிரிப்பொலி அந்தத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் கேட்கட்டும்.