கடலடி வண்டலில் பருவமழையின் வரலாறு

2015ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து புறப்பட்ட ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ என்னும் ஆராய்ச்சிக் கப்பல், மே இறுதியில் மும்பையை அடைந்தது. அரபிக்கடலின் லட்சுமிப் படுகையில், சுமார் 3,600 மீட்டர் நீருக்கடியில், ஏறத்தாழ 1,100 மீட்டர் ஆழம் வரை அது துளையிட்டு வண்டல் எடுத்தது.

கடலடி வண்டலில் பொராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. நீர் குளிர்ந்திருந்த காலத்து ஓடுகளில் கனமான பிராணவாயு அணுக்கள் சற்று மிகுந்திருக்கும். நிலத்தில் உறைபனி பெருகினாலும் அவ்விகிதம் உயரும். ஆதலின் ஓட்டிலுள்ள மக்னீசியத்தின் அளவையும் ஒப்புநோக்கியே வெப்பநிலை கணிக்கப்படுகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்ததும் தளர்ந்ததும் இவ்வண்டலில் பதிந்துள்ளன. கடல் வெப்பமடைந்துவரும் இந்நாளில், மழையை நம்பிப் பயிரிடும் நாட்டிற்கு இப்பழங்கணக்கு மிகவும் வேண்டற்பாலது.