கடன் தீர்ந்தாலும் பதிவு தீர்வதில்லை

கடனைக் கட்டித் தீர்த்த பின்னரும் வங்கி கைவிரிக்கின்றதே என அங்கலாய்ப்போர் நம்மிடையே பலர். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவே பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றது. பலர் அஞ்சுவதுபோல் அது கறுப்புப் பட்டியலன்று; வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் வழங்கும் தகவல்களின் திரட்டாகும். கடனைத் தருவதும் மறுப்பதும் வங்கியின் தீர்மானமே.

நிலுவையைச் செலுத்தியதும் பழைய தாமதம் உடனே அழிந்துவிடாது. ஆயினும், கடன் தீர்க்கப்பட்டதாகப் பதிவாகியிருத்தல் வேண்டும். எனவே, கடன் தீர்ந்தமைக்கான கடிதத்தைப் பெற்றுக்கொள்வதும் பணியகத்திடம் தமது அறிக்கையைக் கோரிப் பார்ப்பதும் அவசியம். பிழையிருப்பின், கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். பிறருக்குப் பிணை நின்ற கடன்களும் அறிக்கையில் இடம்பெறும் என்பதை மறத்தலாகாது. அதன்பின், சிறு கடனாயினும் தவணை தவறாது செலுத்துவதே இழந்த நம்பிக்கையை மீட்கும் வழியாகும்.