"பரம்பரையில் யாருக்காவது சர்க்கரை உண்டா?"

சித்த வைத்தியத்தில் நோயாளி வந்து உட்கார்ந்ததும் நாடி பார்ப்போம், நாக்கைப் பார்ப்போம். பிறகு கேள்விகள். பசி எப்படி, மலம் எப்படி, தூக்கம் எப்படி... கடைசியாக, "பரம்பரையில் யாருக்காவது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா உண்டா?" வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு வாயில் பழகிப் போன கேள்வி. யோசிக்காமல் கேட்டு விடுவேன்.

2024 பொங்கல் முடிந்த மறு வாரம் அப்படித்தான் கேட்டேன். எதிரில் ஓர் அம்மா, பாட்டி, நடுவில் ஒன்பது வயது நிரம்பாத சிறுமி. கும்பகோணம் பக்கத்துக் குடும்பம். மகள் மட்டும் கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறார். கேள்வியைக் கேட்டதும் அம்மா சட்டென்று மகளைப் பார்த்தார். பாட்டிதான் முந்திக் கொண்டார்: "அதெல்லாம் நம்ம வீட்ல யாருக்கும் கிடையாது, தம்பி!"

சிறுமி பாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மழலைத் தமிழில் சொன்னாள்: "எனக்குத் தெரியாது டாக்டர். நான் அடாப்டட்."

எனக்குச் சுருக்கென்றது. குழந்தையைப் பாட்டியோடு கொல்லைப்புறம் ஆடாதோடைச் செடி பார்க்க அனுப்பிவிட்டு, அந்தத் தாயிடம் பேச ஆரம்பித்தேன். அவர் சொன்னதில் பலருக்கும் பயன்படும் விஷயங்கள் இருந்ததால், அவருடைய சம்மதத்தோடு பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

முதல் பிள்ளை மகன், 2009-ல் பிறந்தவன். அதன் பிறகு இரண்டு முறை கரு கலைந்தது. தத்து எடுக்கலாம் என்று முடிவு செய்தபோது, "ஒரு ஆம்பளைப் பிள்ளை இருக்கே, போதாதா? யார் வீட்டுப் பிள்ளையோ!" என்று உறவுக்காரர்கள் சொல்லாத நாளில்லை. வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்கிருந்து குழந்தை எடுப்பதும் நாடு கடந்த தத்துதான். அங்கே உள்ள ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். வருமானம், போலீஸ் சான்று, டாக்டர் சான்று எல்லாம் கேட்பார்கள். டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் (காரா என்பார்கள்) பதிவு செய்து காத்திருக்க வேண்டும். 2017-ல் ஒரு போட்டோவும் நான்கு பக்க மருத்துவ அறிக்கையும் வந்தன. புனே பக்கத்துக் காப்பகத்தில் இருந்த பெண் குழந்தை. வயது இரண்டு வருடம் நான்கு மாதம், எடை 8.9 கிலோ. அந்த வயதுக்கு 11 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. "சின்ன எடைதான், ஆனா கண்ணு ரெண்டும் என்னையே பார்த்துச்சு, டாக்டர்" என்றார். கோர்ட் உத்தரவு, பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்து கையில் வாங்கியபோது கிட்டத்தட்ட இரண்டரை வயது.

தலையணைக்கு அடியில் பிரெட்

"ரொம்ப நல்ல பிள்ளைன்னு எல்லாரும் சொன்னாங்க. அழவே மாட்டா. யார் கூப்பிட்டாலும் போய் மடியில உக்காந்துப்பா. எனக்கும் பெருமையா இருந்தது. அப்புறம்தான் அங்க டாக்டர் சொன்னாங்க, அது நல்லதுக்கு இல்லைன்னு."

உண்மைதான். காப்பகத்தில் வளர்ந்த சில குழந்தைகள் அழுவதை நிறுத்தி விடுகிறார்கள். அழுதால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை போயிருக்கும். பத்து ஆயாக்கள் மாறி மாறித் தூக்கிய குழந்தைக்குத் தன் ஆள், வேற்று ஆள் என்ற வித்தியாசம் தெரியாது. இந்தக் குழந்தை தலையணைக்கு அடியில் பிரெட் துண்டு ஒளித்து வைத்தாள். தூங்குவதற்கு முன் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் கொண்டே இருப்பாள். ஒளித்து வைத்ததற்காகத் திட்டக் கூடாது. கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் தின்பதற்கு ஏதாவது வைத்திருக்கச் சொன்னார்களாம். ஏழெட்டு மாதத்தில் பழக்கம் போய்விட்டது.

மொழி இன்னொரு கஷ்டம். குழந்தைக்கு மராத்தி, இவர்களுக்குத் தமிழ். தண்ணீருக்கு 'பாணி', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று பத்து வார்த்தை படித்து வைத்திருந்தார். குழந்தை 'ஆயி, ஆயி' என்று ராத்திரியில் முனகுமாம். மராத்தியில் அம்மா. "அவ கூப்பிட்டது என்னை இல்லை, டாக்டர். காப்பகத்து ஆயாவையோ, பெத்தவளையோ..." ஆறு மாதம் கழித்து இவர் 'பாணி' என்று சொன்னபோது குழந்தை புரியாமல் விழித்தது. மற்றவர்கள் சிரித்தார்களாம். இவர் மட்டும் பாத்ரூமுக்குள் போய் அழுதாராம்.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "முதல் மூணு மாசம் எனக்கு அவ மேல பாசமே வரலை. சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், எல்லாம் கடமைதான். ரெண்டரை வருஷம் தவம் கிடந்து வாங்கிட்டு வந்து இப்படி இருக்கேனேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டதான் சொல்றேன்."

பிரசவித்த தாய்க்கு மனச்சோர்வு வரும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். தத்தெடுத்த தாய்க்கும் அது வரலாம் என்பதுதான் தெரிவதில்லை. ஆசைப்பட்டு எடுத்தவள் எப்படிச் சோர்ந்து போகலாம் என்று ஊர் கேட்கும், அவளும் தன்னையே கேட்டுக் கொள்வாள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

இவருக்குக் கை கொடுத்தது ஊரிலிருந்து போன பாட்டி. வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்க்க உட்கார்ந்தார். முதல் நாள் தலையில் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை அலறியது. மறுமுறை தண்ணீரே இல்லை. உள்ளங்காலில் மட்டும் எண்ணெய். அப்புறம் கை, அப்புறம் முதுகு. பாட்டி ஊருக்குக் கிளம்பியதும் தாய் தொடர்ந்தார். எண்ணெயில் மாயம் எதுவும் இல்லை. ஒரே கை, ஒரே நேரத்தில், அவசரமில்லாமல் தொடுவதுதான் மருந்து என்று நினைக்கிறேன். ஒரு நாள் குழந்தை விளையாட்டில் விழுந்து, எல்லாரையும் தாண்டி இவரிடம் ஓடி வந்து அழுதது. "அன்னைக்குத்தான் நான் அம்மா ஆனேன்" என்றார்.

இப்படி வரும் குழந்தைகளுக்கு உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. ரத்தசோகை, குடற்பூச்சி, காசநோய், மஞ்சள் காமாலை 'பி', எச்.ஐ.வி. பரிசோதனைகள். காப்பகத்து அறிக்கையில் 'இல்லை' என்று இருந்தாலும் வந்ததும் ஒரு முறையும், ஆறு மாதம் கழித்துச் சிலவற்றை மறுபடியும் பார்ப்பது நல்லது. தடுப்பூசி அட்டையை அப்படியே நம்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பல், காது, கண் மூன்றையும் மறக்க வேண்டாம்.

எட்டு வயதில் ஒரு பயம்

அவர்கள் என்னிடம் வந்த காரணத்தை இன்னும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஏழரை வயதிலேயே மார்பு லேசாக எழும்பியிருக்கிறது. சதைப்பற்று என்று நினைத்து விட்டார்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது. "இதைத் தள்ளிப் போடறதுக்கு நாட்டு மருந்து இருக்கா, தம்பி?" என்று பாட்டி கேட்டார்.

நம் முன்னோர் பெண்ணின் பருவங்களைப் பிரித்தபோது எட்டிலிருந்து பதினொன்று வரை 'பெதும்பை' என்றார்கள். மங்கை அதற்குப் பிறகுதான். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர ஆரம்பித்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். தத்துப் போன குழந்தைகளில் இது அதிகம் என்பதற்கு ஆதாரமும் உண்டு. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன பெண் குழந்தைகளை ஆராய்ந்து 1991-ல் வெளியிட்டார்கள். அவர்கள் பூப்படைந்த நடு வயது 11.6. ஸ்வீடன் பெண்களைவிடவும் முன்னால், இந்தியாவில் வசதியாக வளர்ந்த பெண்களைவிடவும் முன்னால்! குழந்தைப் பருவத்தில் வாடிக் கிடந்த உடம்பு, திடீரென்று நல்ல சாப்பாடு கிடைத்ததும் வேகமாக வளர்கிறது. அந்த வேகத்தில் பருவமும் முந்திக் கொள்கிறது என்பது ஒரு விளக்கம். எலும்பு சீக்கிரம் முதிர்ந்து விடுவதால் உயரமும் குறையலாம். அதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பது பெரிய தவறு.

தள்ளிப் போட என்னிடம் மருந்து இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னேன். ஹார்மோன் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். இடது கை எக்ஸ்-ரேயில் எலும்பு வயது பத்தரை என்று வந்தது. அமெரிக்கா திரும்பியதும் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி ஆரம்பித்தார்கள்.

தாய்க்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பெற்றவர்கள் தேடிக் கொண்டிருக்க, திருடப்பட்ட குழந்தைகள் அநாதை என்று கணக்குக் காட்டி வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட வழக்குகள் நம் சென்னையிலேயே உண்டு. 1984-ல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்ததும், 1993 ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-ல் ஏற்றதும் இதற்காகத்தான். சீனா 2024-ல் வெளிநாட்டாருக்குத் தத்துக் கொடுப்பதையே, உறவுக்காரர்கள் தவிர மற்றவர்களுக்கு, நிறுத்தி விட்டது. செய்தி படிக்கும்போதெல்லாம் இவர் மகளின் கோப்பை எடுத்துப் பார்ப்பாராம்.

கோப்பில், பெற்றவளே ஒப்படைத்ததாக இருக்கிறது. சட்டப்படி அவளுக்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. "அந்த அறுபது நாள்ல ஒரு நாளாவது அவ கேட் வரைக்கும் வந்து நின்னுட்டுப் போயிருப்பாளா, டாக்டர்? வந்திருந்தான்னா எனக்கு மனசு கேக்கலை. வரலைன்னாலும் கேக்கலை."

இதற்கு நான் என்ன சொல்ல? பதினெட்டு வயதானதும் மகளே காராவுக்கு மனுப் போட்டு வேர் தேடலாம், அதற்கு முன் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம் என்று விதி இருப்பதை மட்டும் சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அவ கேக்கட்டும். கூடப் போறேன்" என்றார். நாடியில் பெற்றவர்களின் நோய் தெரியாதா என்றும் கேட்டார். தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பரம்பரை தெரியாதவர்கள் செய்யக் கூடியது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு பார்த்துக் கொள்வது.

2025 ஜனவரியில் மறுபடி வந்தார்கள். கொல்லையில் தானே போய் ஆடாதோடை இலையைக் கிள்ளி வந்தாள். நான் சீட்டில் 'பரம்பரை: தெரியவில்லை' என்று எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணாக்கு வீசிங் இருக்கு. அதை எழுதலையா?" என்று கேட்டாள். வைத்திய சாஸ்திரப்படி அந்த இடத்தில் அது வராது. பாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார், தாய் அவர் கையைப் பிடித்துக் கொண்டார்.

"எழுதிக்கறேம்மா" என்று எழுதிக் கொண்டேன். பிறகு சுவரோரம் நிற்க வைத்து உயரம் அளந்தோம். ஒரு வருடத்தில் 5 செ.மீ. ஊசி வேலை செய்கிறது.