பழைய ராட்சசனுக்குப் புது அளவு எடுப்பது எப்படி?

ஹாஸ்டல்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுற குரூப் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அந்த குரூப்ல ஆட்டத்தை நடத்துற டி.எம். ஒருத்தர், பழைய புத்தகத்துல ஒரு சூப்பர் மான்ஸ்டரைப் பார்த்துட்டு, "இதை இப்போ இருக்குற ரூல்ஸ்ல எப்படி இறக்குறது?"ன்னு முழிச்சுட்டு இருப்பார். இந்தக் கட்டுரை அவருக்குத்தான். விளையாடாதவங்களும் படிக்கலாம், ஏன்னா நாம எடுத்துக்கப் போற மான்ஸ்டர் நம்ம ஊர் ஆள்: ராட்சசன்.

முதல்ல ஒரு திருப்பூர் கணக்கு. பாப்ளின் சட்டைக்குப் போட்ட பேட்டர்னை அப்படியே ரிப் துணியில வச்சு வெட்டினா என்ன ஆகும்? தொளதொளன்னு நிக்கும். பனியன் துணி இழுபடும், பாப்ளின் இழுபடாது. அதனால பேட்டர்ன் மாஸ்டர் சென்டிமீட்டரைக் காப்பி அடிக்க மாட்டார். உடம்புல எப்படி உட்காரணும்னு பார்த்து அளவை மாத்துவார். மான்ஸ்டருக்கும் இதே விதிதான். எண்ணை மாத்தலாம், ஃபிட்டை மாத்தக் கூடாது.

ராட்சசன் விளையாட்டுக்குள்ள வந்த கதை

இந்த விளையாட்டு 1974-ல் வெளியானது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்சாக்: த நைட் ஸ்டாக்கர்' தொடரில் ஒரு எபிசோட் வந்தது. அதில் ஒரு ராட்சசன், நீங்க யாரை ரொம்ப நம்புறீங்களோ அவங்க முகத்தோட வருவான். ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால்தான் சாவான். சரியா ஒரு வருடம் கழித்து, 1975 டிசம்பரில், டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் 'ஸ்ட்ரடீஜிக் ரிவ்யூ' இதழில் ராட்சசன் விளையாட்டுக்குள் வந்தான். 1977-ல் 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் புலித் தலையோடு, கையில் புகைக்குழாயோடு படமாகவும் வந்துவிட்டான். அம்பும் வந்தது, நம்பினவர் முகமும் வந்தது.

நேரடிக் கணக்கு ஏன் சொதப்பும்?

1977 ராட்சசனின் ஆர்மர் கிளாஸ் மைனஸ் 4. அந்தக் காலத்தில் ஆர்மர் கிளாஸ் குறையக் குறைய அடிப்பது கஷ்டம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கியது: எண் கூடினால்தான் கஷ்டம். இரண்டுக்கும் நடுவில் எல்லாரும் போடும் ஃபார்முலா சுலபம்: 20-லிருந்து பழைய எண்ணைக் கழி. 20 கழித்தல் மைனஸ் 4, விடை 24. முடிஞ்சுதா? இல்லை.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ராட்சசனின் ஆர்மர் கிளாஸ் 16 மட்டுமே. ஏன்னு நாமே போட்டுப் பார்க்கலாம். 13-ஆம் லெவல் வீரனுக்குத் தாக்குதல் போனஸ் சுமார் +10 வரும். இருபது முகப் பகடையில் அவன் 16-ஐ எட்ட 6 விழுந்தால் போதும், அதாவது 75 சதவீத வாய்ப்பு. அதே வீரன் 24-ஐ எட்ட 14 வேணும், வாய்ப்பு 35 சதவீதம். மூணு வீச்சுல ரெண்டு வீண். டேபிளைச் சுத்தி உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் போனை எடுத்துடுவாங்க.

சரி, அடிக்கிறது இவ்வளவு சுலபம்னா ராட்சசன் உடனே செத்துட மாட்டானா? அங்கதான் அடுத்த மாற்றம். பழைய ராட்சசனுக்கு 7 எட்டுமுகப் பகடை உயிர், சராசரி 31 அல்லது 32 ஹிட் பாயின்ட். புது ராட்சசனுக்கு 110. பழசில் அடி படுவது அபூர்வம், பட்டா பலமா வலிக்கும். புதுசில் அடி அடிக்கடி படும், ஆனா தாங்குவான். ஒரு எண்ணை மட்டும் மாத்திட்டு இன்னொன்றை விட்டா, கை மட்டும் எக்ஸ்எல் வச்சு உடம்பை எம் சைஸில் தைச்ச கதைதான்.

எண் போகும், பயம் இருக்கணும்

இப்போ ராட்சசனின் மூன்று பழைய குணங்களைப் பார்ப்போம்.

1. மந்திரம் பலிக்காது. பழைய விதியில் 8-ஆம் நிலைக்குக் கீழுள்ள எந்த மந்திரமும் அவனைத் தொடாது. புதுசில் 6-ஆம் நிலை வரைதான் தடுப்பு. அவனுடைய சவால் மதிப்பு 13. 13-ஆம் லெவல் மந்திரவாதிக்கு 7-ஆம் நிலை மந்திரம் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று கிடைக்கும். ஒரே ஒரு சான்ஸ்! எண் குறைந்தாலும் பதற்றம் குறையலை.

2. ஆசீர்வதித்த அம்பு. பழசில் பட்டா உடனே மரணம். 75 சதவீதம் அடி படுகிற ஆட்டத்தில் அதை அப்படியே வச்சா, சண்டை ஒரே வீச்சில் முடிஞ்சிடும். அதனால புது விதி இப்படி: நல்ல மனசுள்ள ஒருவர் மந்திர ஆயுதத்தால் குத்தினால் இரட்டிப்புச் சேதம். தேடிப் போய்க் கொண்டுவந்த ஆயுதத்துக்கு மதிப்பு இருக்கு, சண்டையும் மிச்சம் இருக்கு.

3. நம்பினவர் முகம். எதிரில் நிற்பவரின் மனசைப் படிப்பதும், வேஷம் போடுவதும் ஐந்தாம் பதிப்பிலும் அப்படியே இருக்கு. காரணம், ராட்சசனே அதுதான். புது ராட்சசனின் நகம் ஒரு சுற்றுக்குச் சராசரியா 18 சேதம்தான் தரும், அந்த லெவலுக்கு அது பெரிய அடி இல்லை. ஆனா நகம் பட்டவருக்குச் சாபம்: தூங்கினாலும் ஓய்வு கிடைக்காது, கனவெல்லாம் பயங்கரம். உடம்பை விட மனசைத் தாக்குகிறவன் என்ற குணத்துக்கு அது கச்சிதமா பொருந்துது.

ஆக, மாற்றம் செய்யும் முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இந்த மான்ஸ்டர் வந்தா விளையாடுறவங்க என்ன செய்யணும்? ஓடணுமா, யோசிக்கணுமா, பக்கத்துல இருக்குற நண்பனையே சந்தேகப்படணுமா? அந்தப் பதிலைக் காப்பாத்துங்க. மத்த எண்ணெல்லாம் அதுக்கு வேலைக்காரங்க.

எந்த மூலத்துக்கு விசுவாசம்?

இங்கதான் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கு. புலித் தலையும் குறுக்குவில் அம்பும் நம்ம அரக்கனோடது இல்லை. பொன்மானா வந்து ஏமாத்தின மாரீசன் நம்மவன், வேஷம் போடுற குணம் அங்கிருந்தே இருக்கு. ஆனா விளையாட்டின் விதிப்புத்தகம் ராட்சசனைத் தீயவன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடுது. விபீஷணன் எங்கே போவான்? பாண்டவர்களுக்காகப் போரிட்டு இறந்த இடும்பியின் மகன் கடோத்கஜன் எங்கே போவான்? ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குக் காப்பி ஆகும்போது விட்டுப்போனதை, நம்ம டேபிள்ல நாம திருப்பிக் கொடுக்கலாம். 'தீயவன்' என்ற வரியை அடிச்சுட்டு, "இவன் யார் பக்கம்?"னு கேள்விக்குறி போடுங்க. மனசைப் படிக்கத் தெரிந்த ஒருத்தன் உங்க பக்கம் நிற்கிறேன்னு சொன்னா நம்புவீங்களா? ஆட்டம் அங்கேயே சூடு பிடிச்சிடும்.

வீட்டுப்பாடம்: கொம்பன்

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டன. மூலத்தைக் குறிப்பிட்டால் இலவசமா எடுத்து மாத்தலாம், வெளியிடவும் செய்யலாம். அதில் ராட்சசனும் இருக்கான், ராட்சதப் பன்றியும் இருக்கு. அந்தப் பன்றியை எடுங்க: ஆர்மர் கிளாஸ் 12, ஹிட் பாயின்ட் 42. பாய்ந்து முட்டித் தள்ளும். 10 அல்லது அதுக்குக் குறைவான சேதம் அதைச் சாய்க்கப் பார்த்தா, சாகாமல் 1 ஹிட் பாயின்ட்டோட நிற்கும்.

நம்ம கொங்கு நாட்டில் உடுக்கடித்துப் பாடும் அண்ணமார் கதையில் கொம்பன்னு ஒரு காட்டுப்பன்றி வரும். பாடுபவருக்குப் பாடுபவர் கதை மாறும். ஒரு வழக்கில், வீரர்களின் பலத்துக்கு அடங்காத கொம்பனைச் சாய்க்க, யாரும் மதிக்காமல் விட்டுட்டுப் போன பொன்னாச்சிங்கிற குட்டிப் பெண்நாய்தான் கைகொடுக்கும். அதை விதியாக்குங்க: எவ்வளவு அடிச்சாலும் கொம்பன் 1-க்குக் கீழ போகாது, குழுவிலேயே சின்ன உயிர் ஒன்று அதைக் கடிக்கிற வரைக்கும். ஒரே வரி விதி, ஆனா கதையோட உயிர் அதுல இருக்கு.

ஒண்ணு மட்டும் கவனம். அண்ணமாரும் முனியப்பனும் பக்கத்து ஊர்லயே கோயில் இருக்குற சாமிகள். உங்க டேபிள்ல உட்கார்ந்திருக்கிறவரோட குலசாமியாக்கூட இருக்கலாம். பன்றிக்கு ஹிட் பாயின்ட் போடுங்க, சாமிக்குப் போடாதீங்க.

மாத்தி முடிச்சதும் நேரா பெரிய ஆட்டத்துல இறக்காதீங்க. சாம்பிள் பீஸ் ஓகே ஆகாம புரொடக்‌ஷனுக்குப் போக மாட்டாங்க இல்லையா? ரெண்டு பேரை உட்கார வச்சு மூணு சுற்று ஓட்டிப் பாருங்க. இழுத்தடிச்சா ஆர்மர் கிளாஸைக் குறைங்க, சப்புன்னு முடிஞ்சா ஹிட் பாயின்ட்டைக் கூட்டுங்க. பகடையைக் கையில எடுக்கும்போது ஒருத்தராவது பக்கத்துல இருக்குறவர் முகத்தைச் சந்தேகமா பார்த்தா, உங்க ராட்சசன் சரியா உட்கார்ந்துட்டான்னு அர்த்தம்.