அறுவைக் கூடத்தில் ஒரு போர்வை

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் ஊர் வேங்கிக்கால். அவ்வூரில், ஏரிப் பக்கத்து வீதியொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரைச் சென்ற மார்கழியில் நாம் காணச் சென்றிருந்தோம். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பியிருந்தார். நோயாளரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்றென்று மறைக்கல்வியில் படித்தவர்கள் நாம். ஆறுதல் சொல்லப் போன நமக்கு அன்று கிடைத்தது ஒரு பாடம்.

“வலி அதிகமாக இருந்ததா அம்மா?” என்று கேட்டோம்.

“வலியைப் பொறுத்துக்கொண்டேன் ஐயா. குளிரைத்தான் பொறுக்க முடியவில்லை. பல்லோடு பல் அடித்துக்கொண்டது. கட்டிலே ஆடியது. என் உயிர் போகிறது என்றே நினைத்துச் செபமாலை சொன்னேன்” என்றார்.

அருகில் நின்ற மகன் தொடர்ந்தார். தாயின் நடுக்கத்தைக் கண்டு மனம் பொறாமல், ஒரு புட்டியில் வெந்நீர் நிரப்பிக் கால்மாட்டில் வைக்க ஓடினாராம். செவிலியர் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாராம். “அந்த அம்மாள் ஏன் அப்படிக் கோபித்துக்கொண்டார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை” என்றார் அவர். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டா. ஆனால் அந்தக் குளிர் எதனால் வந்தது, அந்தச் செவிலியர் ஏன் தடுத்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையறிவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தரும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஏரியும் மதகும்

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். நம் வீடுகளில் உள்ள பழைய வெப்பமானிக் கணக்கில் 98.6 டிகிரி பாரன்ஹீட். அறுவையின்போது உள்வெப்பம் 36 டிகிரி செல்சியசுக்கும், அதாவது 96.8 பாரன்ஹீட்டுக்கும், கீழே இறங்குமானால் அதை வெப்பக் குறைவு என்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். ஒரு டிகிரிதானே என்று எண்ணலாகாது. காய்ச்சலில் ஒரு டிகிரி ஏறினால் நாம் எவ்வளவு கலங்குகிறோம்! இறங்கும் ஒரு டிகிரிக்கும் அதே மதிப்பு உண்டு.

அறுவைக் கூடத்தில் குளிர்சாதனம் ஓடுவதால்தான் உடல் குளிர்கிறது என்று பலரும் கருதுகிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை விளக்க வேங்கிக்கால் ஏரியையே உவமையாகக் கொள்வோம். நம் மார்பும் வயிறும் தலையும் ஏரி என்றால், கைகளும் கால்களும் தோலும் அதன் பாசன வயல்கள். ஏரியில் வெப்பம் நிறைந்திருக்கிறது. வயல்களோ அதைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ந்திருக்கின்றன. குளிர் வந்தவுடன் கை கால்களின் இரத்தக் குழாய்களை உடல் சுருக்கிக்கொள்கிறது. அதாவது மதகை மூடி, ஏரியின் வெப்பத்தைக் காக்கிறது. மயக்க மருந்து செலுத்தப்பட்டதும் அக்குழாய்கள் தளர்கின்றன, மதகுகள் திறந்துகொள்கின்றன. உள்ளிருந்த வெப்பம் வயல்களில் பரவுகிறது. உடலிலிருந்து வெப்பம் வெளியே போகும் முன்பே ஏரியின் மட்டம் தாழ்ந்துவிடுகிறது. இவ்வாறு முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இறங்கக்கூடும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தாலும் இதுவே நிகழ்கிறது. மரத்த கால்களின் மதகுகள் திறந்துகொள்கின்றன. நோயாளர் விழித்திருந்தாலும் தம் உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைச் சரியாக உணர்வதில்லை.

இதற்குப் பின்னரே மற்றக் காரணங்கள் சேர்கின்றன. மெல்லிய ஆடை ஒன்றே உடலில் இருக்கிறது. தோலைத் தூய்மை செய்யப் பூசும் மருந்துநீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் உள்ளுறுப்புகளின் ஈரமும் ஆவியாகிறது. அறையின் வெப்பநிலையில் இருக்கும் சலைன் ஒரு லிட்டர் ஏற்றினால் மட்டுமே உள்வெப்பம் கால் டிகிரி அளவு குறையும். முதியோர், மெலிந்தோர், கைக்குழந்தைகள், தீப்புண் பட்டோர், நெடுநேர அறுவைக்கு உள்ளாவோர் ஆகியோர் மற்றவரினும் விரைவில் குளிர்ந்துவிடுகின்றனர்.

குளிரின் விளைவு

குளிர்ந்த உடலில் இரத்தம் உறைவது தாமதமாகிறது. ஆகவே இரத்த இழப்பு கூடுகிறது. தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் காயத்துக்கு உயிர்க்காற்று போதிய அளவு கிட்டுவதில்லை; நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சோர்கின்றன. மருந்துகள் உடலைவிட்டு நீங்க நேரமாகிறது; மயக்கம் தெளிவதும் தாமதப்படுகிறது. நடுக்கமோ உடலின் உயிர்க்காற்றுத் தேவையை இருமடங்குக்கு மேலும் உயர்த்தக்கூடும். இதயம் நலிந்த முதியவருக்கு இது பெரும் பளு.

ஆஸ்திரிய நாட்டில், பெருங்குடல் அறுவைக்கு உள்ளான 200 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 1996-ஆம் ஆண்டில் வெளியானது. வழக்கம்போல் குளிர விடப்பட்ட 96 பேரில் 18 பேருக்குக் காயம் சீழ்பிடித்தது. வெப்பம் காக்கப்பட்ட 104 பேரில் 6 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. அறுவைக்கூடத்துக் குளிரை ஒரு சிறு தொல்லை என்று எண்ணியிருந்த மருத்துவ உலகம் அதன் பின்னரே விழித்துக்கொண்டது.

உண்மையை முழுதும் சொல்வது நம் கடமை. 2022-இல் வெளியான மற்றொரு பேராய்வில், சீனாவிலும் அமெரிக்காவிலுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். உள்வெப்பத்தை 37 டிகிரியில் காத்தவர்களுக்கும் 35.5 டிகிரியில் வைத்தவர்களுக்கும் இடையே இதயத் தீங்குகளிலோ, காயம் சீழ்பிடிப்பதிலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே அரை டிகிரிக்கு அஞ்சி நடுங்க வேண்டியதில்லை, 35.5-க்கும் கீழே இறங்க விடலாகாது என்பதே அதன் பாடம். நம் மூதாட்டியைப் போன்றோர் படும் நடுக்கத் துன்பமோ எந்தக் கணக்கிலும் சிறியதன்று.

குளிரே மருந்தாவதும் உண்டு. 1952 செப்டம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ஐந்து வயதுச் சிறுமியின் உடலைத் திட்டமிட்டுக் குளிர்வித்து, அவளது இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்தார்கள். குளிர்ந்த மூளைக்கு உயிர்க்காற்று குறைவாகவே தேவை என்பதால் அது இயன்றது. ஆனால் அறிந்து குளிர்விப்பது வேறு. அறியாமல் குளிர விடுவது வேறு.

காக்கும் வழி

மீண்டும் ஏரிக்கு வருவோம். வயல்கள் முன்பே நிறைந்திருந்தால், மதகு திறந்தாலும் ஏரியின் மட்டம் அதிகம் தாழாது. அதுபோல், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னரே கை கால்களை வெதுவெதுப்பாக்கிவிட்டால் உள்வெப்பம் இறங்குவது குறையும். இதனால்தான் பிரித்தானிய நாட்டில் மருத்துவ நெறிகளை வகுக்கும் தேசிய நிறுவனம், 2008-இல் வெளியிட்டு 2016-இல் திருத்திய நெறிமுறையில், அரைமணி நேரம் முன்னதாகவே நோயாளரைச் சூடேற்றத் தொடங்கச் சொல்கிறது. அவசர அறுவை தவிர மற்றவற்றில் 36 டிகிரிக்குக் குறைந்தவருக்கு மயக்கம் கொடுக்கலாகாது; அரை லிட்டரும் அதற்கு மேலும் ஏற்றும் நீரை 37 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்; உடல் திறந்திருக்கும் வேளையில் அறை 21 டிகிரிக்குக் குறையலாகாது; அரைமணிக்கு ஒருமுறை வெப்பத்தை அளக்க வேண்டும் என்பன அதன் மற்ற விதிகள். உலகச் சுகாதார நிறுவனமும் 2016-இல், காயங்கள் சீழ்பிடிக்காமல் காக்கும் நெறிகளுள் நோயாளரைச் சூடாக வைப்பதையும் சேர்த்தது.

பெரிய மருத்துவமனைகளில் வெப்பக் காற்றுப் போர்வை உண்டு. மெல்லிய உறை ஒன்றினுள் குழாய் வழியாக வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தும் கருவி அது. அது இல்லாத இடத்திலும் உலர்ந்த போர்வை, தலைக்குல்லாய், காலுறை, சூடாக்கிய சலைன், குளிர்சாதனத்தைச் சற்றே தணிக்கும் ஒரு கை ஆகியவை பெரும் பயன் தரும்.

குடும்பத்தார் அறிய வேண்டியவை

அறுவைக்கு முன் குளிக்கச் சொன்னால் வெந்நீரில் குளித்துத் தலையை நன்றாகத் துவட்டுங்கள். ஈரக் கூந்தலோடு அறுவைக் கூடத்துக்குச் செல்லலாகாது. அழைக்கும் வரை போர்த்திக்கொண்டிருங்கள். குளிர்ந்தால் கூச்சப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். அதைத் தொந்தரவாக எவரும் கருதமாட்டார். தைராய்டு குறைவு இருந்தாலும், முன்னொரு அறுவையில் கடுமையாக நடுங்கியிருந்தாலும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

“பாவம், நடுங்குகிறாரே” என்று பால் கலந்த காப்பி கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது வயிற்றிலிருந்து மேலெழுந்து மூச்சுக் குழலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. எதை, எத்தனை மணி வரை பருகலாம் என்று மயக்க மருத்துவர் சொல்வதே சட்டம்.

அறுவைக்குப் பின் வெந்நீர்ப் புட்டி, சூடாக்கிய செங்கல் ஆகியவற்றை அருகில் வைக்கலாகாது. முதுகில் ஊசி போட்டவரின் கால் மரத்திருக்கும். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. மகனின் கையை அந்தச் செவிலியர் தடுத்தது இதனால்தான். மூடிய அறையில் தணல் சட்டி வைப்பது இன்னும் கொடியது. அதன் நச்சுப் புகை சத்தமின்றிக் கொல்லும். உலர்ந்த போர்வைகளே போதும். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். சில மணி நேரமோ சில நாளோ கழித்துக் குளிர் நடுக்கம் வந்து, உடல் தொட்டால் சுடுமானால் அது வெப்பக் குறைவு அன்று, காய்ச்சல். போர்த்திவிட்டு இருந்துவிடாமல் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அறுவையின் மூலம் பிறக்கும் குழந்தைக்கு இக்கவனம் இருமடங்கு தேவை. சிசுவின் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும். உடனே துடைத்து, தலைக்குக் குல்லாய் இட்டு, தாயும் சேயும் நலமாயிருந்தால் தாயின் மார்போடு சேர்த்து அணைத்து வைப்பதே சிறந்த சூடு. முதல் நாளே குளிப்பாட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, 24 மணி நேரமாவது பொறுங்கள்.

புனித மார்ட்டினின் மேலாடை

நான்காம் நூற்றாண்டில் ஆமியென் நகர வாயிலில், குளிரில் நடுங்கிய ஓர் ஏழையைக் கண்ட போர்வீரர் மார்ட்டின், தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை அவருக்குப் போர்த்தினார். அன்றிரவு கனவில் அப்பாதியை அணிந்தவராக ஆண்டவர் தோன்றினார் என்பது திருச்சபை வழங்கிவரும் வரலாறு. அவருடைய திருநாள் நவம்பர் 11. அப்பருவத்திலேயே அண்ணாமலை அடிவாரத்தில் பனி இறங்கத் தொடங்குகிறது. அந்நாளில் ஒவ்வொரு பங்கிலும் இளைஞரும் அன்னையர் சங்கத்தாரும் சில கம்பளிகளையும் குழந்தைக் குல்லாய்களையும் திரட்டி, அருகிலுள்ள மருத்துவமனைக்கு அதன் பொறுப்பாளரைக் கேட்டு வழங்கினால் அது மிகப் பொருத்தமான கொண்டாட்டமாகும். ஆடையற்றோரை உடுத்துவதும் நோயாளரைச் சந்திப்பதும் அந்த ஒரே செயலில் நிறைவேறும்.

அன்று விடைபெறும் வேளையில், வெந்நீர்ப் புட்டியின் அபாயத்தை அந்த மகனுக்கு விளக்கினோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்தச் செவிலியரை நான் ஏசிவிட்டேன் ஐயா. மன்னிப்புக் கேட்க வேண்டும்” என்றார். மூதாட்டியோ தம் கட்டிலின்மேல் இருந்த கம்பளியை மடித்து, “பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தை பிறந்ததும் பிரசவம். கத்தி வைத்துத்தான் எடுப்பார்களாம். துவைத்து உலர்த்தி இதை அவளிடம் கொடு” என்று மருமகளிடம் நீட்டினார். குளிரை அறிந்தவருக்கே போர்வையின் அருமை தெரியும். குளிரால் நடுங்கும்வரை காத்திராமல் நாமும் அந்த அருமையை அறிந்து நடப்போமாக.